தொப்பிகளை எண்ணியவர்

கிறிஸ்துமஸ் என்றால் நமக்கு நள்ளிரவுப் பூசை, குடில், புத்தாடை, பலகாரம் ஆகியவை நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் பல ஊர்களில் இவற்றோடு மற்றொரு வழக்கமும் இருந்தது. விருந்துண்ட ஆண்கள் இரண்டு அணிகளாகப் பிரிவார்கள். துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்கும் காட்டுக்கும் புறப்படுவார்கள். கண்ணில் பட்ட பறவை, அணில், முயல் யாவற்றையும் சுட்டு வீழ்த்துவார்கள். மாலையில் இரண்டு அணியாரும் தத்தம் குவியலைக் கொண்டுவந்து போட, எந்தக் குவியல் பெரியதோ அந்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். தின்பதற்காகச் சுட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. சிட்டுக்குருவி அளவே உள்ள பறவையைச் சுட்டு யார் என்ன தின்ன முடியும்? அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டுக்கு எதிராக ஒரு மனிதர் வேறொரு விளையாட்டை நிறுத்திக் காட்டினார். சுடாமல் எண்ணுங்கள் என்றார். அவர் பெயர் பிராங்க் சாப்மன். இன்று உலகின் பல பகுதிகளில் குளிர்காலத்தில் பொதுமக்கள் ஒன்றுகூடி நடத்தும் பறவைக் கணக்கெடுப்புகளுக்கெல்லாம் முன்னோடி அவர் தொடங்கியதே ஆகும்.

பிராங்க் மிச்லர் சாப்மன் 1864ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தில் எங்கிள்வுட் என்ற ஊரையடுத்த பகுதியில் பிறந்தார். வசதியான குடும்பம். பழத்தோட்டமும் வயலும் மரக்கூட்டமும் சூழ்ந்த வீடு. சிறுவனாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயார் இசையில் நாட்டம் மிக்கவர். பறவைக் குரல்களைக் கேட்ட மாத்திரத்தில் பிரித்தறியும் காது மகனுக்கு அவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்பில் அவர் பெரிய புலி அல்லர். 1880இல் உள்ளூர்ப் பள்ளியில் படிப்பை முடித்தார். கல்லூரிப் பக்கமே போகவில்லை. பதினாறாம் வயதில் நியூயார்க் நகரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஆறாண்டுக் காலம் அங்கே பேரேடும் காசோலையுமாகக் கழிந்தது. வேலையில் குறையில்லை. நன்றாகவே செய்தார், உயர்வும் கிடைத்தது. ஆனால் மனம் மட்டும் எங்கிள்வுட் மரக்கூட்டத்தில் இருந்தது.

1884ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. அமெரிக்கப் பறவையியல் அறிஞர்களின் சங்கம் அப்போதுதான் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. பறவைகள் தெற்கிலிருந்து வடக்கே வலசை வரும் நாட்களைக் குறித்து அனுப்பத் தொண்டர்கள் தேவை என்று அச்சங்கம் அறிவித்தது. சாப்மன் தம் பெயரைக் கொடுத்தார். விடியுமுன் எழுந்து காட்டில் நடப்பார். என்னென்ன வந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு அவசரமாக ரயிலைப் பிடித்து வங்கிக்குப் போவார். மாலை திரும்பியதும் வெளிச்சம் இருக்கும்வரை மறுபடியும் காடு. பருவம் முடிந்து குறிப்புகளை அனுப்பியபோது, அந்த வட்டாரத்தில் வந்த அறிக்கைகளிலேயே அவருடையதுதான் சிறந்தது என்று பாராட்டு வந்தது. கல்லூரி வாசலை மிதிக்காத இருபது வயது குமாஸ்தாவுக்கு அந்தப் பாராட்டு என்ன செய்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி.

அந்நாளில் சீமாட்டிகள் அணியும் தொப்பிகளில் இறகு வைப்பது பெரும் நாகரிகமாக இருந்தது. ஓர் இறகு, இரண்டு இறகு என்று நினைத்துவிடாதீர்கள். முழுப் பறவையையே பாடம் செய்து, கண்ணாடிக் கண் பொருத்தி, சிறகை விரித்து, தொப்பியின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். வெள்ளைக் கொக்குகளுக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் மெல்லிய தூவிகள் வளரும். அவற்றுக்குத்தான் விலை அதிகம். அந்தக் காலத்தில்தான் கூட்டில் குஞ்சுகளும் இருக்கும். தாயையும் தந்தையையும் சுட்டுவிட்டால் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடியும். நகரத்துக் கடைகளில் தொப்பி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது.

1886ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சாப்மன் நியூயார்க்கின் கடைத்தெருவில் இரண்டு நாள் பிற்பகலில் நடந்தார். கையில் குறிப்பேடு. எதிரே வரும் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை மட்டும் பார்த்தார். காட்டில் செய்ததையே தெருவிலும் செய்தார் எனலாம். இனம் இன்னது, எண்ணிக்கை இவ்வளவு என்று குறித்துக்கொண்டே போனார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542 தொப்பிகளில் இறகு இருந்தது. இறகில்லாத தொப்பிகள் 158தான். அந்த இறகுகளிலிருந்தும் உடல்களிலிருந்தும் நாற்பது இனங்களை அவரால் பெயர் சொல்ல முடிந்தது. மரங்கொத்தி இருந்தது, கடலோர ஆலா இருந்தது, காடை இருந்தது, சின்னஞ்சிறு ஆந்தை ஒன்றுகூட இருந்தது. மற்ற பல தொப்பிகளில் இறகுகளை வெட்டிச் சாயமேற்றி உருமாற்றியிருந்தபடியால் இனம் காண இயலவில்லை.

இந்தப் பட்டியலை ஒரு கடிதமாக எழுதி ஒரு வேட்டைப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் ஜார்ஜ் பேர்டு கிரின்னல். பேர்டு என்றால் பறவை, அவர் பெயரிலேயே பறவை இருப்பதைக் கவனியுங்கள். அவர் அதை அச்சிட்டார். அதே ஆண்டில்தான் கிரின்னல் பறவைகளைக் காக்க முதல் ஆடுபன் சங்கத்தையும் நிறுவினார். அந்தக் கடிதத்தில் சாப்மன் யாரையும் வையவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கணக்கை மட்டும் கொடுத்தார். கணக்குப் பாடம் பிடிக்காத மாணவியர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வசைமொழி நாலு நாளில் மறந்துவிடும். அந்த 700ம் 542ம் நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் புத்தகங்களில் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஆண்டே வங்கி வேலையை விட்டார். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டுக் குருவி பார்க்கப் போகிறானே என்று அக்கம்பக்கத்தார் பேசாமலா இருந்திருப்பார்கள்? 1888இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஜோயல் ஆலன் என்ற அறிஞருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1942இல் ஓய்வு பெறும்வரை அந்த இடத்தை அவர் விடவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்!

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் குறையை மறைத்துவிடுவது நம்மிடையே வழக்கம். சாப்மன் தம் குறையைத் தாமே எழுதிவைத்திருப்பதால் அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. அக்காலத்தில் பறவையியல் அறிஞர் என்றாலே துப்பாக்கி ஏந்தியவர்தாம். நல்ல பைனாகுலர் கிடைக்காத காலம். ஓர் இனத்தை உறுதி செய்ய அதைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். சாப்மனும் அப்படித்தான்.

1889ஆம் ஆண்டு அவர் புளோரிடாவில் செபாஸ்டியன் ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே கரோலினாக் கிளிகள் இருப்பதாகக் கேள்வி. பச்சை உடல், மஞ்சள் தலை, அலகைச் சுற்றிச் செம்மஞ்சள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதற்கும் சொந்தக் கிளி என்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு காலத்தில் பெருங்கூட்டமாகத் திரிந்த அவை அப்போதே அரிதாகிவிட்டிருந்தன. அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் தேவை. தேடிக் கண்டுபிடித்து ஒன்பது கிளிகளைச் சுட்டார்கள். ஒன்பது போதும், இனி ஒன்றையும் தொடமாட்டேன் என்று அவர் உறுதி செய்துகொண்டார். இரண்டு நாள் கழித்து மீண்டும் ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. உறுதி காற்றில் போயிற்று. மேலும் ஆறு விழுந்தன. ஆகப் பதினைந்து. சோதனை வந்தது, நான் விழுந்தேன், அவையும் விழுந்தன என்ற பொருளில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1904ஆம் ஆண்டு அதே புளோரிடாவில் ஓகிச்சோபி ஏரிக்கருகே அவர் மறுபடியும் கரோலினாக் கிளிகளைப் பார்த்தார். இரண்டு சிறு கூட்டங்கள். மொத்தம் பதின்மூன்று. காட்டில் அந்தக் கிளியை ஐயத்துக்கிடமின்றிக் கண்ட கடைசிச் சில பதிவுகளில் அது ஒன்றாக நிலைத்துவிட்டது. கூண்டில் இருந்த கடைசிக் கிளி 1918 பிப்ரவரியில் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. வானத்தை மறைக்கும் மந்தைகளாகப் பறந்த பயணப் புறாவின் கடைசிப் பறவையும் அதே காட்சிச்சாலையில்தான் 1914 செப்டம்பரில் இறந்தது. அந்தப் பதினைந்தும் இருந்திருந்தால் இனம் பிழைத்திருக்குமா என்று கேட்டால், இராது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பதின்மூன்றை எண்ணிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் சாப்மனுக்குப் பதினைந்து நினைவுக்கு வந்திராதா?

இதற்கிடையே 1895இல் கிழக்கு வட அமெரிக்கப் பறவைகளைப் பற்றி ஒரு கைநூல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. 1898இல் பேனி எம்பரி என்ற அம்மையாரை மணந்தார். மணமான கையோடு இருவரும் போனது புளோரிடாவில் பறவை பார்க்க! பாடம் செய்யும் நுணுக்கமான வேலையை மணமகள் விரைவில் கற்றுக்கொண்டு கணவருக்குக் கைகொடுத்தார். அந்தப் பயணத்தில் இந்தியன் ஆற்றில் உள்ள ஒரு சிறு தீவில் ஆயிரக்கணக்கான பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருப்பதைப் பார்த்தனர். இறகுக்காகவும் பொழுதுபோக்காகவும் அவற்றைச் சுடுவோர் வந்துகொண்டிருந்தனர். சாப்மனும் அவருடைய நண்பர்களும் விடாமல் முயன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வரையில் செய்தியைக் கொண்டுபோயினர். 1903 மார்ச் 14ஆம் நாள் அத்தீவைப் பறவைகளுக்கென ஒதுக்கி ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்தார். அமெரிக்க அரசு அமைத்த முதல் பறவைப் புகலிடம் அதுவே. இன்று அத்தகைய புகலிடங்கள் அந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் உள்ளன.

கிரின்னலின் முதல் சங்கம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதை நம் பள்ளி மலரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 1896இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு உறவுப் பெண்மணிகள் நகரத்துச் சீமாட்டிகளைத் தேநீருக்கு அழைத்து, இறகுத் தொப்பி அணிவதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஊர்தோறும் இத்தகைய சங்கங்கள் முளைத்தன. அவற்றையெல்லாம் இணைக்க ஒரு பத்திரிகை வேண்டும் என்று 1899இல் சாப்மன் தம் சொந்தப் பொறுப்பில் இருமாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். பேர்டு லோர் என்பது அதன் பெயர். பறவைப் பாதுகாப்புப் பகுதிக்கு மேபல் ஆஸ்குட் ரைட் என்ற எழுத்தாளர் ஆசிரியையாக இருந்தார். அருங்காட்சியக வேலைக்கு மேல், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, 1935 வரை சாப்மன் அந்த இதழை நடத்தினார்.

அந்த இதழின் 1900 டிசம்பர் வெளியீட்டில்தான் அந்த யோசனை வந்தது. இந்தக் கிறிஸ்துமஸ் நாளில் கொஞ்ச நேரத்தைப் பறவைகளோடு கழியுங்கள். எந்த ஊர், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள், வானம் தெளிவா மேகமா, காற்று எப்படி, குளிர் எத்தனை பாகை, தரையில் பனி இருக்கிறதா என்று எழுதுங்கள். பிறகு கண்ட பறவைகளின் பெயரையும் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் எழுதி, அன்றிரவு படுக்கப் போகுமுன் எனக்கு அனுப்பிவிடுங்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது.

அக்காலத்தில் இது எத்தனை சாமர்த்தியமான காரியம் என்று பாருங்கள். வேட்டைப் போட்டியில் ஆண்களுக்கு என்ன பிடித்திருந்தது? வெளியே போவது, போட்டி, மாலையில் கூடிக் கணக்குப் பார்ப்பது. அவை எல்லாவற்றையும் சாப்மன் அப்படியே விட்டுவைத்தார். துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டார்.

1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் புறப்பட்டார்கள். கனடாவின் டொராண்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரை 25 இடங்கள். சாப்மன் தம் எங்கிள்வுட்டிலேயே நடந்தார். அனைவரும் சேர்ந்து ஏறத்தாழ 18,500 பறவைகளை எண்ணியிருந்தார்கள். இனங்கள் தொண்ணூறை ஒட்டி இருந்தன. வெறும் 27 பேர்! ஒரு பெரிய நாட்டில் அது கடலில் கரைத்த பெருங்காயம். வேறு யாராவது இருந்தால் அடுத்த ஆண்டு இந்த வேலையே வேண்டாம் என்றிருப்பார்கள். அவர் பிப்ரவரி இதழில் வந்த பட்டியல்களை ஒன்றுவிடாமல் அச்சிட்டுவிட்டு, அடுத்த டிசம்பரில் மறுபடி கேட்டார். அதற்கடுத்த டிசம்பரிலும் கேட்டார்.

இப்போது இந்தக் கணக்கெடுப்பு எவ்வாறு நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஓர் ஊரை மையமாக வைத்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம் வரைந்துகொள்வார்கள். ஆண்டுதோறும் அதே வட்டம்தான், மாற்றக்கூடாது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 முடிய ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்துகொள்வார்கள். வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு. ஆந்தைகளைக் கேட்க விரும்புவோர் விடியுமுன்னே இருட்டில் போய் நிற்பார்கள். நடக்க இயலாத முதியோர் தம் வீட்டு முற்றத்தில் தீனி வைத்து, சன்னலருகே அமர்ந்தபடியே எண்ணுவார்கள். புதிதாக வருபவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்துவிடுவதால், பெயர் தெரியாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டது மட்டுமின்றிக் குரலால் அறிந்ததும் கணக்கில் சேரும். ஆயிரக்கணக்கில் பறக்கும் கூட்டத்தை எப்படி எண்ணுவது? முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் அத்தகைய பத்துகள் எத்தனை என்று பார்ப்பார்கள். மாலையில் எல்லாக் குழுவும் ஓரிடத்தில் கூடும். சூடாக ஏதாவது உண்டபடி, தொகுப்பாளர் ஒவ்வோர் இனமாகப் பெயரைப் படிக்க, இவர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை தூரம் என்பதையும் எழுதிக்கொள்வார்கள். ஆள் அதிகமானால் எண்ணிக்கையும் அதிகமாகத்தானே தெரியும்? அந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்ப்பதற்காகத்தான் இது.

இதனால் என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். ஒரே ஆண்டுக் கணக்கால் பெரிதாகப் பயன் இல்லை. எண்ணுவோர் தவறு செய்வர், மழை வரும், ஒரே பறவை இருமுறை எண்ணப்படும். நூறாண்டுக் கணக்கை அடுக்கிவைத்தால் கதை வேறு. அமெரிக்காவின் கருவாத்து குறைந்துவருவது இந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. 1980களில் அதன் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. டி.டி.டி. பூச்சிமருந்தால் அருகிப்போன வெண்தலைக் கழுகு, 1972இல் அம்மருந்து தடை செய்யப்பட்ட பின் மெல்ல மீண்டதையும் இதில் காணலாம். 2009இல் நாற்பது ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, எடுத்துக்கொண்ட 305 இனங்களில் 177 இனங்கள் தங்கள் குளிர்கால இருப்பிடத்தை வடக்கு நோக்கி நகர்த்தியிருப்பது தெரிந்தது. குளிர் குறைந்துவருவதைப் பறவைகளே சொல்லிவிட்டன. 1970க்குப் பிறகு வட அமெரிக்காவில் ஏறத்தாழ முந்நூறு கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் அறிஞர்கள் அறிவித்தபோதும், அவர்கள் பயன்படுத்திய பதிவுகளில் இதுவும் ஒன்று. அண்மை ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்களில் எழுபதாயிரம் பேருக்கும் மேலாக இதில் கலந்துகொள்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் இத்தகைய கணக்கெடுப்பு ஒன்று நடந்துவருகிறது. பள்ளி மைதானத்து வேப்பமரத்தின் கீழ் கால் மணி நேரம் நின்று காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் அது கணக்கில் சேரும்.

சாப்மனின் பிற பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடம் செய்த பறவைகளை வெறும் அலமாரியில் வரிசையாக அடுக்காமல், அவை வாழும் செடியும் மணலும் நீரும் பின்னணி ஓவியமுமாக அமைத்துக் காட்டும் காட்சிக்கூடத்தை 1909இல் திறந்துவைக்கச் செய்தார். கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதினார். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில் பணிபுரிந்தார். கல்லூரிக்கே போகாத அவருக்கு 1913இல் பிரவுன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. முதுமையில் குளிர்காலந்தோறும் பனாமாவில் பாரோ கொலராடோ தீவுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு சிறு குடிலில் இருந்துகொண்டு பறவைகளையும் குரங்குகளையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கையில் பெரும்பாலும் இருந்தது புகைப்படக் கருவி.

1945ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் தமது 81ஆம் வயதில் நியூயார்க் நகரில் அவர் காலமானார். நாற்பது நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் வந்தது. அந்தப் பருவத்திலும் வழக்கம்போல் மக்கள் பைனாகுலரும் குறிப்பேடுமாகப் பனியில் இறங்கி நடந்தார்கள். அது நாற்பத்தாறாவது கணக்கெடுப்பு.